மஞ்சள் நூல் கட்டிய பானை

என் அண்ணனைப் பற்றி யாராவது நல்லவிதமாகச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். "தங்கமான மனுஷன்" என்பார்கள். அந்தத் தங்கமான மனுஷனைத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க விடாமல் செய்தது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தாயிற்று, இனியாவது எழுதி வைக்கிறேன்.

ரங்கூனில், போட்டாதாங் படகுத்துறைக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். ஐரோப்பாச் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. என் வீட்டுக்காரர் இன்சீன் ரயில் பட்டறையில் பிட்டர். விடியுமுன் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருவார். அண்ணன் எங்களோடுதான் இருந்தான். கப்பல்துறையில் சரக்குத் தூக்குகிற கயிறுகளைப் பின்னுவதும் முடிச்சுப் போடுவதும் அவன் வேலை. சண்டைக் காலத்தில் ஆற்றுப்படகு வேலைக்கென்று மெசபடோமியாவுக்குப் போய் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்தவன். போகும்போது சரியான வாயாடி. திரும்பி வந்தபிறகு பேச்சுக் குறைந்துபோய், ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தில் ஏதாவது எழுதிக்கொண்டே இருந்தான்.

அங்கே இடிந்த ஊர்களைப் பார்த்தானாம். சண்டை முடிந்து சனங்கள் திரும்பி வந்ததும், எந்தச் சுவர் யாருடையது, எந்தக் கிணறு யாருடையது என்று மறுபடி அடித்துக்கொண்டார்களாம். "இங்கேருந்தும் வெள்ளைக்காரன் ஒரு நாள் போவான் பாரு" என்பான். "போன மறுநாள் காலையில யாரு தெருவைக் கூட்டறது, யாரு தண்ணி வைக்கறது, எந்தப் புள்ள எந்தப் பள்ளிக்கூடம் போறதுன்னு இப்பவே யோசிச்சு வைக்கலேன்னா நாம எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் குத்திக்கிட்டே சாவோம்."

"கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டினானாம். அடுப்படி ஓட்டுல ரெண்டு மாசமா ஒழுகுது, அதைப் பாரேன்" என்பேன் நான். சிரித்துக்கொண்டே ஏணி எடுத்துக்கொண்டு போவான். ஓட்டை மாற்றிவிட்டு இறங்கி வந்து மறுபடி நோட்டைத் திறப்பான்.

அது ஐம்பது வருஷத்துக்கான திட்டம். துறைமுகத்தில் பர்மாக்காரரும் நம்மவரும் தனித்தனிக் கூட்டமாக வேலைக்கு நிற்கக்கூடாது, கலந்து நிற்க வேண்டும். ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் இரண்டு எழுத்தும் சொல்லித்தர வேண்டும். ஆற்றின் ஒவ்வொரு துறையிலும் ஒரு வைத்தியசாலை, இருபதாவது வருஷத்தில் அக்கரைக்கு ஒரு பாலம். ஐம்பதாவது வருஷத்துக்கு ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தான்: இங்கே பிறந்த குழந்தையைப் பார்த்து நீ எந்த நாடு என்று யாரும் கேட்கக்கூடாது. இடப்பக்கம் தமிழில் அண்ணன் எழுதுவான். வலப்பக்கத்தில் அதையே பர்மீயத்தில் எதிர்வீட்டு வாத்தியார் எழுதுவார். அவரைத் தெருவே 'சயா' என்று கூப்பிடும், பர்மாவில் வாத்தியாருக்கு அதுதான் மரியாதை.

சயாவின் சம்சாரத்தை நான் 'டோடோ' என்பேன். நம் ஊரில் அத்தை என்கிற மாதிரி. என் தலைப்பிரசவத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவள் கொடுத்தால் பழம் வாங்கிக்கொள்வேன், வெற்றிலை வாங்கிக்கொள்வேன். தண்ணீர் கொடுத்தால் மட்டும் "இப்பத்தான் குடிச்சுட்டு வந்தேன் டோடோ" என்பேன். அப்படித்தான் எங்களை வளர்த்திருந்தார்கள். எத்தனையோ வருஷம், எந்த வேளைக்குப் போனாலும், நான் இப்பத்தான் குடித்துவிட்டுப் போனவளாகவே இருந்தேன். அவளும் சிரித்துக்கொண்டு குவளையை உள்ளே எடுத்துப் போவாள்.

அப்புறம்தான் அந்தச் சண்டை வந்தது. படகுத்துறையில் ஒரு கப்பலில் யார் சரக்கு இறக்குவது என்று நம்மவருக்கும் பர்மாக்காரருக்கும் வாய்ச்சண்டை, கைகலப்பாகி, மூன்று நாள் தெருத்தெருவாகப் பரவியது. எங்கள் சந்தில் அவர்கள் பக்கம் ஓர் உயிர், நம் பக்கம் ஓர் உயிர் போயிற்று. சந்துமுனையில் வழிப்போக்கருக்காக டோடோ புண்ணியத்துக்கு வைத்திருந்த தண்ணீர்ப் பானைகளைக்கூட விடவில்லை பாவிகள். உடைந்த பானை ஓடுகளை அவள் குனிந்து பொறுக்கியபோது, கூட நின்று பொறுக்க எங்கள் வீட்டிலிருந்து அண்ணன் ஒருவன்தான் போனான்.

அன்றைக்கு நோட்டின் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு மாற்றி எழுதினான். முதல் வருஷம்: தண்ணீர். சந்துமுனையில் நான்கு பானை. வாரம் ஒரு வீடு, பர்மா வீடு ஒன்று, தமிழ் வீடு ஒன்று என்று மாறி மாறி நிரப்ப வேண்டும். எல்லாப் பானையும் எல்லாருக்கும். வீடு வீடாக நடந்து, கெஞ்சி, திட்டு வாங்கிச் சம்மதிக்க வைத்தான். ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. சயாவுக்கு ஒரே பூரிப்பு. மழைக்காலம் முடிந்து பர்மாக்காரரின் விளக்குப் பண்டிகை வரும்போது பல பேட்டைப் பெரியவர்களும் புத்த மடத்தில் கூடுவார்கள், அங்கே இந்த நோட்டைப் படிக்கிறேன் என்றார். "வெறும் காகிதம்னு சொல்ல மாட்டாங்க. எங்க சந்துல வந்து தண்ணி குடிச்சுப் பாருங்கன்னு சொல்வேன்" என்றார். அண்ணன் அன்றைக்கு முகம் மலர்ந்து சிரித்தான். மெசபடோமியாவிலிருந்து திரும்பி வந்தபிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தாள். தன் பெண்ணை அண்ணனுக்குக் கொடுக்கலாமா என்று பார்த்துப் போக வந்திருந்தாள். அண்ணனுக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது, இதை விட்டால் வேறு இடம் கிடையாது என்று எனக்கு ஒரே பதைப்பு. வந்த மறுநாளே அவள் சந்துமுனையைப் பார்த்துவிட்டு வந்து மூக்கைச் சிந்தினாள்.

"ஏண்டி, அந்தப் பானையிலயா உங்கண்ணன் குடிக்கிறான்? பர்மாக்காரன் குடிக்கிறான், எந்தச் சாதின்னே தெரியாத கூலிக்காரன் குடிக்கிறான். எம்பொண்ணைக் குடுத்துட்டு ஊருல நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடப்பேன்? அடுத்த கப்பல்ல நான் கிளம்பறேன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் குளிக்கப் போன நேரத்தில், பூஜை மாடத்திலிருந்த மஞ்சள் நூலை எடுத்துப் போய், நான்கில் ஓரத்துப் பானையின் கழுத்தில் கட்டினேன். தமிழ் வீட்டுப் பொம்பளைகள் நாலைந்து பேரிடம், "நூல் கட்டினது நம்மளோடது" என்று காதில் போட்டேன். அவர்களும் இதற்காகவே காத்திருந்த மாதிரி தலையாட்டினார்கள். நாத்தனாரைக் கூட்டிப் போய்க் காட்டினேன். அவள் முகம் தெளிந்தது. பர்மாக்காரர்களுக்கு என்ன தெரியப்போகிறது, ஏதோ சாமிக்கு வேண்டிக்கொண்டு கட்டியது என்று நினைத்துக்கொள்வார்கள் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். எவ்வளவு மட்டமான புத்தி!

முதல் நான்கு நாள் டோடோ அப்படித்தான் நினைத்தாள். நூலுக்குப் பக்கத்தில் ஒரு பூக்கூட வைத்தாள். ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பானையில் தண்ணீர் மொள்ளப்போன ஒரு பர்மாப் பெண்ணின் கையைத் தமிழ் வீட்டுப் பொம்பளை ஒருத்தி தட்டிவிட்டாள். சந்தே கூடிவிட்டது. நான் எங்கள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். டோடோ அந்த நூலை விரலால் தொட்டுக்கொண்டு கேட்டாள். அவள் பேசியது பர்மீயம்தான், ஆனால் தமிழில் கேட்ட மாதிரியே இன்னும் காதில் இருக்கிறது.

"தண்ணிக்கும் பேரு வச்சாச்சா? இது கலா தண்ணி, இது பமா தண்ணின்னு? யாரு கட்டினது இதை?"

கலா என்றால் நாம், பமா என்றால் அவர்கள். நான் காதில் போட்டு வைத்த பொம்பளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்தச் சந்திலேயே பெரிய வாய் என் வாய்தான். காய்காரனிடமும் தண்ணீர் வண்டிக்காரனிடமும் அந்த வாய் என்ன பாடு படும்! அன்றைக்கு அது ஒட்டிக்கொண்டது.

துறையிலிருந்து அண்ணன் வந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் குனிந்து அந்த நூலைப் பார்த்தான். அந்த முடிச்சு கப்பல்கயிற்றுக்குப் போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும், ஓரத்து நுனியை ஒரு விரலால் தட்டினால் அவிழ்ந்துவிடும். சின்ன வயதில் என் சடை நாடாவை அவன் அப்படித்தான் முடிந்துவிடுவான். கொசுவலையிலிருந்து ஊறுகாய் ஜாடித் துணி வரைக்கும் எல்லாவற்றையும் நான் அப்படியேதான் கட்டுவேன். அது அந்தச் சந்தில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். ஐயோ, அவன் என்னைத் திரும்பிப் பார்த்திருந்தாலாவது நான் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவன் பார்க்கவே இல்லை.

"நான்தான் கட்டினேன்" என்றான். ஒரு விரலால் தட்டி நூலை அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

சயாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நீயா? ஏன்?" என்று கேட்டார்.

"வீட்டுக்குச் சம்பந்தக்காரங்க வந்திருக்காங்க, சயா." அவ்வளவுதான் சொன்னான்.

சயா வீட்டுக்குள் போய் நோட்டைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார். அவர் கோபப்படவில்லை, அழுகிற மாதிரி இருந்தார். "முதல் பக்கமே பொய்யாப் போச்சே. மிச்சத்தை நான் எந்த வாயால படிப்பேன்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மத்தியானம் அண்ணனுக்குச் சோறு போட்டேன். "அண்ணே" என்றேன். அவன் தட்டிலிருந்து நிமிராமல், "முடிச்சு சரியாத்தான் போட்டிருந்தே" என்றான். அதற்குமேல் அந்தப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எதிர்வீட்டுக்குப் பத்தடி தூரம் இருக்குமா? அந்தப் பத்தடியை நான் நடக்கவில்லை. நாத்தனாருக்கோ ஒரே சந்தோஷம். "பொறுப்பான பையன்டி, குலம் கோத்திரம் தெரிஞ்ச பையன்" என்று தட்டு மாற்றத் தயாராகிவிட்டாள். அண்ணன்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நான் எவ்வளவு அழுதும் கேட்கவில்லை.

ஒவ்வொரு வீடாகத் தண்ணீர் முறையை விட்டது. விளக்குப் பண்டிகை வந்தபோது பானைகளில் பாசி படிந்திருந்தது. அண்ணனைக் கண்டால் பர்மாக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நம்மவர்கள் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள், அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. தை பிறப்பதற்குள் ஒரு சரக்குக் கப்பலில் கயிற்று வேலைக்கு ஏறிவிட்டான். படகுத்துறையில் நின்று, "ஓட்டுல மறுபடி ஒழுகினா வீட்டுக்காரர்ட்ட சொல்லு, சும்மா விட்டுடாதே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஒன்றரை வருஷம் கழித்து அவனுடைய தகரப்பெட்டி மட்டும் வந்தது. ஏதோ ஒரு துறைமுகத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் போய்விட்டானாம். பெட்டியில் இரண்டு வேட்டியும் அந்த நோட்டும் இருந்தன. மெனக்கெட்டு எழுதி முடித்திருந்தான். பாதிக்குமேல் வலப்பக்கங்கள் வெறுமையாக இருந்தன, அங்கே எழுத சயா இல்லை. பள்ளிக்கூடம், பாலம், வைத்தியசாலை எல்லாம் அதனதன் வருஷத்திலேயே இருந்தன. ஒன்றைத்தான் மாற்றியிருந்தான். முதல் வருஷத்தில் இருந்த 'தண்ணீர்' என்பதை அடித்து, ஐம்பதாவது வருஷத்துப் பக்கத்தில் கொண்டுபோய் எழுதியிருந்தான்.

நோட்டை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். சயா பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார். டோடோ வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். என் பர்மீயம் அரைகுறை, அழுகையில் அதுவும் குழறியது. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா உன்னை நாலு திட்டு திட்டியிருப்பேன்" என்றாள். "நீயும் அழுதிருப்பே. சாயங்காலத்துக்குள்ள சரியாப் போயிருக்கும். எங்க வீட்டுக்காரரும் மடத்துல அந்த நோட்டைப் படிச்சிருப்பார்."

அவ்வளவு லேசாக முடிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் எழுந்துபோய் மூலையிலிருந்த பானையிலிருந்து ஒரு குவளை மொண்டுகொண்டு வந்தாள். இப்பத்தான் குடித்துவிட்டு வந்தேன் என்று பழக்கதோஷத்தில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு குவளையை வாங்கிக் குடித்தேன். எங்கள் வீட்டுத் தண்ணீர் மாதிரியேதான் இருந்தது.