எட்டாத காது

செம்பாக்கத்தில் மஞ்சள் காமாலை பரவிய வருடம் எங்கள் பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிவிட்டார்கள். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. ஆடித் தீர்த்துவிட்டு, பள்ளி திறந்ததும் திரும்பிப் போனால் வகுப்பில் பாதிப் பேரைக் காணோம். பெற்றவர்கள் காத்திருக்கவில்லை. மெயின் ரோட்டில் புதிதாகத் திறந்த இங்கிலீஷ் மீடியத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். எனக்கோ ஒரே குஷி. காலை நீட்டி உட்காரலாம், சத்துணவுச் சாம்பாரில் பருப்புகூடத் தட்டுப்பட்டது.

டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அந்தக் குஷி போயிற்று. தலை எண்ண அதிகாரி வருகிறாராம். பிள்ளைகள் குறைந்தால் டீச்சரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்களாம். அப்புறம் ஹெட்மாஸ்டர் பெரிய சார் மட்டும்தான். நான் எதைக் கேட்டாலும் டீச்சர் பதில் சொல்வார். பெரிய சார் பிரம்பைக் காட்டுவார். 

"தெருத்தெருவா அலைஞ்சுட்டேம்மா. இன்னும் ஒரே ஒரு பிள்ளை குறையுது. உங்க சின்னவனைச் சேர்த்து விடுங்களேன்" என்றார் டீச்சர்.

"இன்னா டீச்சர், அவனுக்கு இன்னும் காது எட்டலியே" என்றாள் அம்மா.

பிறந்த தேதியெல்லாம் எங்கள் பக்கம் யாருக்குத் தெரியும்? வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது, அவ்வளவுதான். தம்பியின் விரல் காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. தாம்பரம் ஸ்டேஷனில் மூட்டை தூக்கும் மாமா பயிற்சி கொடுத்தார்.

"தலைய இப்டி சாச்சுக்கினு தொடுடா. எட்டிக்கும்."

எட்டியது. தம்பி வீடு முழுக்கத் தலையைச் சாய்த்துக்கொண்டே திரிந்தான்.

அதிகாரி வந்தார். தம்பியின் சாய்ந்த தலையைப் பார்த்ததும், "நேரா நின்னு தொடு" என்றார். நேராக நின்றான். எட்டவில்லை. டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். அதிகாரி வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இல்லாமல் காலியாகக் கிடந்த தரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து தம்பியின் காதைப் பிடித்து மேலே இழுத்தார். விரல் பட்டது. தம்பி வீலென்று கத்தினான்.

"தொட்டுட்டான். எழுதிக்குங்கம்மா."

டீச்சர் கண்கலங்கி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

டீச்சர் எங்களோடேயே இருந்தார், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் சின்னப் பிள்ளையின் காதைப் பிடித்து இழுத்த ஆளை எதற்குக் கும்பிட வேண்டும்? அந்த வருடம் முழுக்கக் கேட்டுப் பார்த்தேன். எதைக் கேட்டாலும் பதில் சொல்கிற டீச்சர் அதற்கு மட்டும் சிரித்தார்.