நாலு கோடிக்குச் சொந்தக்காரர்

என் தங்கை புருஷனுக்கு டிப்போவில் வைத்த பெயர் நான்ஸ்டாப். தொலைதூர பஸ் ஓட்டுகிறவர். சீட்டில் உட்கார்ந்தால் கடைசி நிறுத்தம்வரை இறங்கமாட்டார். மற்ற டிரைவர்கள் வழியில் நிறுத்துவார்கள், ஒதுங்குவார்கள், ஒரு டீ குடிப்பார்கள். இவரோ கிளம்புவதற்கு முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். குடித்தால்தானே போக வேண்டும் என்று ஒரு தத்துவம். "பின்னாடி உக்காந்து அவசரம்னு கத்துவானுங்க. நான் பிரேக்கையே தொடமாட்டேன்" என்று பந்தியில் உட்கார்ந்துகூடச் சொல்லுவார். ஏதோ நாட்டுக்காக அடக்கிக்கொண்டிருக்கிற மாதிரி.

சிறுநீர்ப்பை அவருக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுக்கவில்லை, எரிச்சலைக் கொடுத்தது. அப்புறம் அடிவயிற்றில் வலி, ஒரு பக்கம் விதையில் வீக்கம். ஆண் சிங்கம் டாக்டரிடம் போகுமா? மருந்துக் கடைக்காரரின் காதில் கிசுகிசுத்து நாலு மாத்திரை வாங்கியது. வலி நின்றதும் மிச்சத்தைத் தூக்கிப் போட்டது. மறுபடி வலி, மறுபடி மாத்திரை. டிரைவர்களுக்கென்று ஒரு வைத்திய முறை உண்டு: சத்தம் நின்றால் ரிப்பேர் முடிந்தது.

இதற்கிடையில் கல்யாணமாகி நாலு வருஷமாகியும் குழந்தை இல்லை. பரிசோதனை யாருக்கு? இதெல்லாம் ஒரு கேள்வியா, என் தங்கைக்குத்தான். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள், சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்ததே அவள் செய்த குற்றமாகிவிட்டது.

"எங்கயாவது ஒளிஞ்சிருக்கும்" என்றார் மாமியார். "எங்க பக்கம் எல்லாருக்கும் வரிசையா புள்ளைங்க. எங்க ரத்தத்துல குறை கிடையாது."

"நீங்களும் ஒரு தடவை டெஸ்ட் எடுங்களேன்" என்று தன் புருஷனிடம் தங்கை கெஞ்சுவாள். "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்பார் அவர். குத்துக்கல்லுக்குப் பிள்ளை பிறந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கடைசியில், வயிற்றில் துளை போட்டுக் கேமராவை விட்டுத் தேடிவிடலாம் என்று தேதியும் குறித்தார்கள். மயக்க மருந்து என்றாலே தங்கைக்குப் பாதி உயிர் போய்விடும். நல்ல காலம், அந்த ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். புருஷனின் ரிப்போர்ட் வராமல் கத்தியைத் தொடமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றார். வேறு வழியில்லாமல் மாப்பிள்ளை சின்ன டப்பாவோடு தாழ்ப்பாள் போட்ட அறைக்குள் போய், போர்க்களத்திலிருந்து திரும்புகிறவர் மாதிரி வந்தார்.

ரிப்போர்ட் வந்த அன்று துணைக்கு நானும் போயிருந்தேன். அவர் கண்ணில் பட்டது ஒரே வரி: விந்தணு மொத்த எண்ணிக்கை நாலு கோடி. அவ்வளவுதான், ஆளைப் பிடிக்க முடியவில்லை. வராந்தாவிலிருந்தே கண்டக்டருக்குப் போன். "டேய், நாலு கோடிடா! நம்ம டிப்போவுல எவன்கிட்ட இருக்கு நாலு கோடி?" அம்மாவுக்கும் ஒரு போன். அடுத்த வரிக்கு அவர் போகவே இல்லை.

டாக்டரம்மா அடுத்த வரிக்குப் போனார்.

"நாலு கோடிங்கறது பாஸ் மார்க்குதாங்க. அதுலயும் முக்கால்வாசி நகரவே இல்ல. சீழ் அணு நிறைய இருக்கு. கல்ச்சர் டெஸ்ட்ல வளர்த்துப் பார்த்ததுல கிருமியும் தெரியுது. உள்ளுக்குள்ள அழற்சி, ரொம்ப நாளா புண்ணாட்டம் வீங்கிக் கிடக்கு. உடம்பு கிருமியோட சண்டை போடுது. அந்தச் சண்டையில விந்தணுவுக்கும் சேர்த்து அடி விழுது."

"இப்ப வலியே இல்லயே மேடம்."

"வலி இல்லாமலும் இருக்கும். வேலை நேரத்துல தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?"

பெருமை பேச இதைவிட நல்ல இடம் கிடைக்காது. மாப்பிள்ளையோ மெல்ல முனகினார்: "வண்டியில ஏறினா குடிக்கிறதில்ல மேடம். இறங்குறதும் இல்ல."

"மாத்திரையைக் கடைசிவரைக்கும் சாப்பிடணும். தண்ணி குடிங்க, வண்டியை நிறுத்தி இறங்குங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம். குழந்தை நிச்சயம்னு நான் சொல்லல. வீக்கம் வடிஞ்சா வாய்ப்பு கூடும். இவங்களுக்கு இப்ப ஆபரேஷன் வேண்டாம்."

வெளியே வந்ததும் தங்கை ஒன்றே ஒன்று கேட்டாள். "இதை அத்தைகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா உங்க மேல பழி போடுறேன்னுதான் ஆகும்." அவர் தலையாட்டினார்.

நானும் அவர்களோடு வீட்டுக்குப் போனேன். மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தார். "ஆபரேஷன் என்னைக்கு?"

"தள்ளிப் போயிருக்கும்மா" என்றார் நாலு கோடிக்காரர்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கொண்டை ஊசி வளைவில் ஐம்பது பேரை அலுங்காமல் கொண்டுபோகிற மனுஷன், ஒரு வாக்கியத்தைத் தாண்ட முடியாமல் நிற்கிறார்! நானே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் தங்கை ஒரு சொம்புத் தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"அவனுக்கு எதுக்குடி மருந்து?"

அவர் மாத்திரையை விழுங்கினார். சொம்பைக் கீழே வைத்தார். "குறை எனக்குத்தாம்மா. அவளுக்கு ஒண்ணுமே இல்ல."

மாமியாரின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. நாலு வருஷப் பேச்சுக்கு ஒரு வார்த்தையாவது வருத்தம் தெரிவிப்பார் என்று நானும் பைத்தியக்காரி மாதிரி காத்திருந்தேன். அவர் தங்கையைப் பார்த்தார்.

"ஏன்டி, கூடவே இருக்கிறவ நீதானே? இவனை முன்னாடியே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறதுக்கென்ன?"

மாப்பிள்ளைதான் பதில் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"கூப்பிட்டாம்மா. மாசா மாசம் கூப்பிட்டா. நான்தான் போகல."

அத்தனை ஊசிக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அன்றைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.