ஏலத்தோட்டத் தொட்டியில் விட்ட விரால்

பிள்ளைகளே, நேற்று நீங்கள் நம் வீட்டு மீன்தொட்டிக்கான இரை டப்பாவை நீட்டியதும், “நான் போட்டா செத்துரும் மக்கா” என்று உங்கள் அத்தை, என் தங்கை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நான் தலை குனிந்தேன்.

எங்கள் சிறு வயதில், உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத் தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழுவைத் தின்பதற்காகக் கப்பி என்னும் சிறு மீன்களை விட்டிருந்தார்கள். அவற்றில் செம்மஞ்சள் வால் மீன்கள்தான் அவளுக்கு உயிர்; தினமும் சோறு போடுவாள். வேடிக்கைக்கு நான் ஒரு விராலை உள்ளே விட்டேன். பளிச்சென்று தெரிந்தவற்றை அது முதலில் தின்றது. கண்ணில் படாத சேற்று நிறக் கப்பிகள் தப்பிப் பெருகின. அவற்றின் குஞ்சுகளும் அதே நிறம். அடுத்த கோடையில் ஒரு செம்மஞ்சள் வால்கூட இல்லை.

“எம் மீனெல்லாம் எங்கண்ணே?”

“நீ சோத்தக் கொட்டிக் கொன்னுட்டு என்னக் கேக்குற?”

அவள் நம்பிவிட்டாள்; இன்றுவரை நம்புகிறாள். வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருவாள். விராலை விட்டது நான்தான் என்று உங்கள் முன்னாலேயே சொல்லிவிட்டு, டப்பாவை நீட்டுவேன்.