மருந்துக்கடையில் கேட்கிற கேள்வி

எங்கள் சங்கரன்கோவிலில் டாக்டரிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. உள்ளே "சரிங்க சார், சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டு, வெளியே மருந்துக்கடையில் வந்து, "அண்ணாச்சி, எனக்கு என்ன சீக்கு?" என்று கேட்போம். அவர் மாத்திரைச் சீட்டைப் பார்த்துச் சீக்கைச் சொல்லுவார். நாற்பது வயதுவரை நானும் அப்படித்தான் இருந்தேன். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வருஷம், கரிவலம்வந்தநல்லூரில் கட்டிக்கொடுத்த என் தங்கைக்கு ரத்தப்போக்கு நிற்கவேயில்லை. முப்பதைத்தான் தாண்டியிருந்தாள். ஒரு மகள் உண்டு. இன்னொரு பிள்ளைக்காக ஏங்கிக்கொண்டிருந்தவள். நானும் அவள் புருஷனும் டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்தார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கட்டி இருக்கு. கர்ப்பப்பையை எடுத்திரலாம். நாளைக்கு அட்மிட் ஆயிருங்க."

தங்கை புருஷன் தலையாட்டினார். கண்ணில் தண்ணீர் முட்ட, அவளும் ஆட்டினாள். கத்திரிக்காய் வாங்கப் போனால்கூடக் காம்பைத் திருப்பிப் பார்த்து நாலு கேள்வி கேட்கிற மனுஷர் அவர். பெண்டாட்டி வயிற்றைக் கிழிக்கப் போகிறேன் என்றால் ஒரு கேள்வி இல்லை!

நான் வாயெடுத்ததும் என் பக்கம் குனிந்தார். "மதினி, சும்மா இரிங்க. டாக்டர் கோவப்பட்டா நாளைக்குக் கத்தி பிடிக்கது யாரு?"

எனக்கும் பயம்தான். பள்ளிக்கூடத்தில் சந்தேகம் கேட்டதற்கு, "பெரிய கலெக்டரு, கேக்க வந்துட்டா" என்று பெஞ்சு மேல் ஏற்றிவிட்டார்களே, அன்று பிடித்த பயம். ஆனால் தங்கை முகத்தைப் பார்த்ததும் கேட்டுவிட்டேன்.

"எதுக்கு சார் எடுக்கணும்? வேற வழியே இல்லையா?"

"நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கீங்களா?"

"இல்ல சார். அதனாலதான் கேக்கேன்."

அடுத்த டோக்கனைக் கூப்பிட நர்ஸ் கதவைத் திறந்தாள். நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

"இவ இன்னொரு பிள்ளை பெத்துக்கிடணும்னு இருக்கா. வேற வழி இருக்கா, இல்லையா? அதைச் சொல்லுங்க, போயிருதோம்."

அவர் ஸ்கேன் படத்தை மறுபடி கையில் எடுத்தார். "கட்டியை மட்டும் எடுக்கலாம். கர்ப்பப்பை அப்படியே இருக்கும்" என்றார்.

தங்கை வாய்விட்டு அழுதுவிட்டாள். அடப்பாவி மனுஷா, வழி இருந்திருக்கிறதே! ஒரு தலையாட்டலில் எல்லாம் போயிருக்குமே!

அவர் அதோடு விட்டாரா? "பிள்ளை வேணும்னு முதல்லயே சொல்லியிருக்கலாம்லாம்மா?" என்று எங்கள் மேலேயே சடைத்துக்கொண்டார்.

"நீங்க அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா சார்?" என்றேன்.