மே மாதத்து விருந்தாளி

ஊட்டி ஏரிக்கு வெளியே குதிரைச் சாணமும் வெந்த சோளமும் கலந்து ஒரு வாசனை அடிக்கும்... வந்துபோன உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பக்கத்தில் குன்னூரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அந்த வாசனை ஒன்பது வயதில்தான் தெரியவந்தது!

சிரிக்காதீர்கள். மலையில் இருக்கிற எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் இதே கதைதான்.

மே மாதம் பிறந்தால் எங்கள் வீடு சத்திரமாகிவிடும். திருப்பூர், ஈரோடு, கோபி என்று எல்லாப் பக்கத்துச் சொந்தமும் மலையேறி வந்துவிடும். அம்மா விடிவதற்குள் புளிசாதம் கட்டுவாள். தேயிலை ஏல ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, லீவு போட்டுவிட்டு வந்தவர்களையெல்லாம் ஊட்டி பஸ்ஸில் கூட்டிப்போவார். பூங்கா, படகு, குதிரை சவாரி, ஏரிக்கரையில் ஓடுகிற குட்டி ரயில்... வந்த பிள்ளைகள் சாயங்காலம் கன்னம் சிவந்து திரும்புவார்கள். நானும் தம்பி சரவணனும் வாசலில் நின்று கதை கேட்போம்.

"நாம இங்கயேதான இருக்கறோம்? கூட்டம் போவட்டும், சாவகாசமா போலாம் சாமி" என்பார் அப்பா.

கூட்டம் போகும். உடனே மழை பிடித்துக்கொள்ளும். பள்ளிக்கூடமும் திறந்துவிடும். அந்தச் சாவகாசம் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை.

சரவணனுக்குக் குட்டி ரயில் மேல் அப்படி ஒரு பைத்தியம். தினமும் எங்கள் வீட்டுக்குக் கீழேதான் மலை ரயில் புகைவிட்டுக்கொண்டு போகும். அதைக் காட்டினால் உதட்டைப் பிதுக்குவான். "அது பெரியவங்க ரயிலு. எனக்கு சின்ன ரயிலு வேணும்."

அவனுக்கு இளைப்பு உண்டு. ஐந்து வயதில் அது முற்றிப்போய், மூச்சு விடவே திணற ஆரம்பித்தான். டாக்டர் கையை விரித்துவிட்டார். "இந்தக் குளிரு இவனுக்கு ஆகாதுங்க. கொஞ்ச வருசம் கீழ வெச்சுப் பாருங்க."

அப்பா வேலையை விட முடியாது. திருப்பூரில் அம்மாவின் அக்கா இருந்தாள், எங்கள் பெரியம்மா. "எங்கூட்ல ரெண்டு பசங்களோட மூணாவதா வளரட்டும்" என்று வந்து கூட்டிப்போனாள். நல்ல மனுஷி. இன்றுவரை அவளைக் குறை சொல்ல எங்களுக்கு ஒன்றுமில்லை.

அடுத்த மே மாதம் பெரியம்மா குடும்பத்தோடு பஸ்ஸிலிருந்து இறங்கினான் சரவணன். புது ஸ்வெட்டர், குரங்குக் குல்லா... பற்கள் கிடுகிடுவென்று அடித்தன. எங்கள் தம்பிக்கே எங்கள் ஊர் குளிர்ந்தது.

இப்போது அவன் விருந்தாளி அல்லவா! முதல் முறையாக அம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊட்டிக்குக் கிளம்பினாள். என்னையும் கூட்டிப்போனாள். அன்றைக்கு அவன் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினாள். குதிரை, பஞ்சுமிட்டாய், படகு, கடைசியில் அந்தக் குட்டி ரயில்.

அவனைப் பெரியம்மா பையன்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார வைத்தோம். ரயில் ஒரு சுற்றுச் சுற்றி நாங்கள் நின்ற இடத்துக்கு வந்தது. "சித்தி! சித்தி!" என்று அந்தப் பையன்கள் அம்மாவைப் பார்த்துக் கத்தினார்கள். நடுவிலிருந்து இவனும் முகமெல்லாம் சிரிப்பாகக் கத்தினான்.

"சித்தி! இங்க பாருங்க சித்தி!"

அம்மா கையை ஆட்டினாள். ரயில் வளைவில் திரும்புகிறவரை ஆட்டிக்கொண்டே இருந்தாள். எனக்குத்தான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "கூட இருக்கறவங்க சொல்றதத்தான புள்ளையும் சொல்லும்... உடு" என்று என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

பெரியம்மா எத்தனையோ திருத்திப் பார்த்தாள். அந்த வார்த்தை அவன் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்த வருடம் அம்மா அவனைத் திருப்பி அனுப்பவில்லை. "இனி எம்புள்ள இங்கயேதான்" என்று பிடிவாதமாக வைத்துக்கொண்டாள். ஜூன் மழை இறங்கிய வாரமே மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. கம்பளியில் சுற்றி அப்பா மறுபடி கீழே கொண்டுபோனார். பஸ் ஜன்னலில் அவன் அழவே இல்லை. அழுதிருந்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

கொஞ்ச வருடம் என்றது அப்படியே பள்ளி, காலேஜ், பனியன் கம்பெனி வேலை, கல்யாணம் என்று நீண்டுவிட்டது... அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். இளைப்பு எப்போதோ நின்றுவிட்டது. இப்போதும் மே மாதம் தவறாமல் இரண்டு பெண்களோடு காரில் வருகிறான். ஏரிப் பக்கம் ரூம் போடுகிறான். "புள்ளைகளுக்கு ஹீட்டர் வேணும்க்கா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்பான். குன்னூரில் ஒரு வேளை சாப்பாடு, அவ்வளவுதான். அன்றைக்கு வீடு கொள்ளாமல் ஆள் இருந்தது. இன்று மூன்று அறைகளில் நானும் அம்மாவும்.

இந்த மே மாதம் வந்தவன், செருப்பைக் கழற்றிக்கொண்டே சிரித்தபடி சொன்னான். "செக்போஸ்ட்ல இ-பாஸ் பாத்துட்டு, சொந்த ஊருக்குப் போறீங்களா, டூரான்னு கேட்டாங்கக்கா. டூருன்னேன். உட்டுட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. "ஏன்டா, சொந்த ஊருன்னு சொல்றதுக்கென்ன?"

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. "சொல்லலாம்தான்க்கா... எந்த ஊடுன்னு கேட்டா என்ன சொல்றது?"

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "இந்த ஊடுதான்னு சொல்லு சாமி."

தலையைக் குனிந்துகொண்டு "சரிங்க" என்றான். சாப்பிட்டார்கள். பிள்ளைகள் படகுக்கு அவசரப்படுத்தினார்கள், கிளம்பிவிட்டார்கள்.

பாத்திரம் கழுவும்போது அம்மா திரும்பாமலே கேட்டாள். "அடுத்த வருசம் கேட்டாங்கன்னா சொல்லீருவானா?"

"சொல்லீருவாம்மா" என்றேன்.