ஐந்துக்கு எத்தனை

அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் காவல்காரிக்கு ஆஸ்பத்திரி வைத்த பெயர் உடும்பு. பிடித்தால் விடமாட்டாள். குடித்துவிட்டு வருகிறவன், கத்தியோடு வருகிறவன், செத்தவனுக்காக டாக்டரைக் கொல்ல வருகிற அண்ணன் தம்பி, எல்லோரையும் பல வருடமாக அவள்தான் மடக்குகிறாள். முன்பல் ஒன்று போனதும் அந்த வாசலில்தான். இருந்தும் தன்னைப் போலப் பொறுமைசாலி கிடையாது என்று நம்பியிருந்தாள், பாவம்.

மனநலப் பெண்கள் வார்டில் நிரந்தர வேலை ஒன்று காலியானது. பகல் வேலை, வளாகத்திலேயே வீடு. ஆசைப்படுகிறவர்கள் தங்களுக்குத் தாங்களே மதிப்பெண் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று கேள்வித்தாள் கொடுத்தார் மேட்ரன். உடும்பும் ஒன்று வாங்கி வந்தாள். கணவன் வெங்காயம் உரித்தபடியே கேள்விகளை வாசித்தான்.

"கோபம் வந்தா கையை அடக்க முடியுமா? அஞ்சுக்கு எத்தனை போடட்டும்?"

"அஞ்சு. இதுல என்ன சந்தேகம்?"

"உன்கிட்ட சந்தேகம்னு சொல்ல எனக்கென்ன பைத்தியமா?" என்றான். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மறுநாள் மத்தியானம், தம்பியைப் பறிகொடுத்த வெறியில் ஒருவன் குளுக்கோஸ் மாட்டும் கம்பியைப் பிடுங்கி நர்ஸின் மண்டையில் போட்டான். மேஜை கவிழ்ந்தது, கண்ணாடி நொறுங்கியது, ரத்தம் சுவர்வரை தெறித்தது. அவன் மறுபடி ஓங்குவதற்குள் உடும்பு பாய்ந்துவிட்டாள். தடியால் மணிக்கட்டில் ஒரு போடு. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. கம்பி விழுந்தது, அவனும் விழுந்தான். "விட்டுடுக்கா," என்று அழுதான். அவனை மடக்கும் வேலை அதோடு முடிந்தது. அவள் விடவில்லை. முகத்தில், விலாவில், மறுபடி முகத்தில் என்று வெளுத்து வாங்கினாள். அவன் தாடை உடைந்தபோது அவளுக்கு மனசு குளிர்ந்தது. ஒளிப்பானேன், குளிரத்தான் செய்தது.

பார்த்தவர்கள் கை தட்டினார்கள். தலையில் கட்டோடு வந்து நர்ஸ் அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். "அந்த வார்டு வேலை உனக்குத்தான்," என்றார் டாக்டர். நல்ல கூத்து! விழுந்து கிடந்தவனை அடித்ததற்கு வீரப் பட்டம். அவனுடைய தாடையைக் கம்பி வைத்துக் கட்டியதைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை.

மேட்ரன் நேர்காணலை ஒப்புக்குத்தான் நடத்தினார்.

"கோபத்தை அடக்கறதுல உனக்கு நீயே அஞ்சு போட்டிருக்கே. சரிதானே?"

"ஒண்ணுன்னு மாத்திக்கங்க மேடம்."

"தன்னடக்கம் போதும்மா."

"தன்னடக்கமெல்லாம் இல்ல. அவன் விடுன்னு சொன்னது காதுல விழுந்துச்சு. அப்புறம்தான் பலமா அடிச்சேன். நல்லா இருந்துச்சு மேடம். உங்க வார்டைப் பூட்டிட்டா, உள்ள இருக்கிற பொம்பளைங்க விடுன்னு கத்தினா யாருக்குக் கேட்கும்?"

மேட்ரன் பேனாவைக் கீழே வைத்தார். வேலை வேறொருத்திக்குப் போனது. உடும்பு தடியை ஒப்படைத்துவிட்டு, தானே கேட்டு, போர்வை துவைக்கும் பிரிவுக்கு மாறிக்கொண்டாள்.

சாயங்காலம் கணவன் தாம் தூம் என்று குதித்தான். "கையில இருந்த வேலையைக் கோட்டை விட்டுட்டியே! ஒரு மூணு போட்டிருந்தா என்ன குறைஞ்சு போயிருப்பே?"

மேட்ரனிடம் சொன்னதை அவனிடமும் ஒன்று விடாமல் சொன்னாள்.

"நிஜமாவே நல்லா இருந்துச்சா?"

"ஆமா."

 பாயில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்த மகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை எதற்கென்று உடும்புக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் வாங்கிய எந்த அடியும் அப்படி வலித்ததில்லை.