உப்புச் சாடியில் மாத்திரை

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரார் சொன்னால் கூடக்குறையச் சொல்வார்கள். மரக்காணத்தில் பிறந்து, உப்பளத்தில் கூலிக்குப் போகிறவளைக் கட்டிக்கொண்டு, அவளுக்குத் தெரியாமல் மாத்திரையைச் சமையலறை உப்புச் சாடிக்குள் ஒளித்தவன் நான். வெள்ளைக்குள் வெள்ளை, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நினைப்பு. உப்பு ஊர்க்காரனுக்கு வெள்ளையாக எதைப் பார்த்தாலும் உப்பில் ஒளிக்கத்தான் தோன்றும் போல.

எனக்கு மனநோய். டாக்டர் பைபோலார் என்பார். ஊரில் அதற்கு இன்னும் சுருக்கமான பேர் உண்டு. சில மாதம் நான் தண்ணீர்மேல் நடக்கக்கூடியவன். ஞாயிறு பூசை நடுவில் எழுந்து பங்குச் சாமியாரின் பிரசங்கத்துக்கே திருத்தம் சொல்லியிருக்கிறேன். சில மாதம் பாயை விட்டு எழுந்து பல் விளக்குவது பெருமுக்கல் மலை ஏறுவது மாதிரி.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் என்னை வீட்டில் தனியாக விடப் பயந்து, மனைவி உப்பளத்துக்குக் கூட்டிப்போய் வரப்பில் ஒரு குடையோடு உட்காரவைப்பாள். எதிரே பாத்தி பாத்தியாக வெள்ளை. நான் கடைகளுக்குப் போர்டு எழுதிப் பிழைத்தவன். மாத்திரையால் கை நடுங்க ஆரம்பித்ததும் பிரஷ் போச்சு, டீ குடித்தால் பாதி சட்டைக்குப் போச்சு. அவளோ நீளக் கழியில் பலகை பொருத்தி, இரண்டு கையாலும் பிடித்து உப்பை வாரிக்கொண்டிருந்தாள். பிரஷ்ஷுக்கு விரல் வேண்டும், இதற்குத் தோளும் இடுப்பும் போதுமே என்று எனக்கு உறைத்தது.

உப்புக் குவியலை மூடிக் கிழிந்துபோன தார்ப்பாய் ஒன்றை வீட்டுக்குப் பின்னால் விரித்தேன். பெயிண்டை ஊற்றிப் பலகையால் இழுத்தேன். நடுக்கம் போகவில்லை. இழுத்த நிறத்தின் ஓரமெல்லாம் அலை அலையாக வந்தது. அட, நல்லாத்தானே இருக்கு என்று நின்றேன். அன்றிலிருந்து கை நடுங்குவதை மறைப்பதை விட்டேன்.

இப்படி வரைந்த தார்ப்பாய்களை யாரோ போட்டோ எடுத்துப் போனில் அனுப்ப, புதுச்சேரியில் ஓவியக் கண்காட்சி நடத்துகிற ஒருவர் தேடி வந்தார். ஆரம்பத்தில் வரைந்த பழைய படங்களின் முன்னால் கண்ணை மூடி நின்றார். பலகை கைக்குப் பழகி, ஓரம் கொஞ்சம் நேராக வந்த புதியவற்றின் முன்னால் உதட்டைப் பிதுக்கினார். பழசில் நெருப்பு இருக்கிறதாம், நோய் நேரடியாகப் பேசுகிறதாம். புதுசில் மாத்திரை வாசனை அடிக்கிறதாம். பழசோடு சேர்த்து மாட்ட, அதே நெருப்போடு இன்னும் சில படங்கள் வேண்டும் என்றார். என்னை மாஸ்டர் என்று கூப்பிட்டார். அதுவரை என்னை அப்படிக் கூப்பிட்டவர்கள், டீக்கடையில் பரோட்டா மாஸ்டர் என்று தப்பாக நினைத்தவர்கள்தான். மயங்காமல் என்ன செய்வேன்? அன்று முதல் மாத்திரை என் வாய்க்குள் போகவில்லை, சாடிக்குள் போனது.

தூக்கம் போனது. இரவும் பகலும் வரைந்தேன். வீட்டில் மிச்சம் இருந்த தார்ப்பாயெல்லாம் தீர்ந்தது. நான் உலகத்துக்கே மாஸ்டர் ஆகிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மனைவி மீன் குழம்புக்கு ஒரு பிடி உப்பை அள்ளியவள் அப்படியே நின்றாள். உள்ளங்கையை என் முன்னால் நீட்டினாள்.

"யோவ், உப்புக்கல்லுக்கு மூலை இருக்கும். இதுக்கு எங்க?"

நான் கலையைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுச் சேலை மாற்றிக்கொண்டு வந்து, என்னை டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் திட்டியதை இங்கே எழுத மாட்டேன், எனக்கும் மானம் இருக்கிறது. மறுபடி தரையில் கால் பாவப் பல வாரம் ஆனது.

அதற்குப் பிறகு, மாத்திரையை நிறுத்திவிட்டு வரைந்த அந்த நெருப்புப் படங்களைப் பிரித்துப் பார்த்தேன். எல்லா நிறத்தையும் ஒன்றின்மேல் ஒன்று ஊற்றி, அத்தனையும் ஒரே சேறு. ஒன்றில் என் செருப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் புத்தி வந்தது. அந்தாள் கண்ணை மூடி ரசித்த பழைய படங்கள் எல்லாமே ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின், வேளை தவறாமல் மாத்திரை போட்டுக்கொண்டு வரைந்தவை. அவர் நெருப்பு என்றது மாத்திரை தந்த நடுக்கம். வாய்விட்டுச் சிரித்தேன். இது எந்த வகைச் சிரிப்பு என்று பார்க்க மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

பழைய படங்கள் ஏற்கெனவே புதுச்சேரிக்குப் போயிருந்தன. நேரில் போய் உண்மையைச் சொன்னேன். அவர் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்தினார்.

"அதை வெளிய சொல்லாதீங்க மாஸ்டர். நோயோட உச்சத்துல வரைஞ்சதுன்னு படத்துக்குப் பக்கத்துல மாட்ட கார்டு அடிச்சாச்சு."

"உச்சத்துல நான் சாமியாரைத் திருத்திக்கிட்டிருந்தேங்க. மத்த நாள்ல படுத்துக் கெடந்தேன். இது எழுந்து உக்காந்தவன் வரைஞ்சது. கார்டை மாத்துங்க, இல்லன்னா தார்ப்பாயைக் குடுங்க."

தார்ப்பாயைக் கொடுத்துவிட்டார்.

சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கோட்டக்குப்பம் தாண்டும்வரை வீரம் இருந்தது. பொம்மையார்பாளையத்தில் அழுகை வந்தது. ஊர் வந்து இறங்கும்போது கோபம் மட்டும் மிச்சம். நோய்க்கு என் வாழ்க்கையில் பல வருஷத்தைக் கொடுத்தாயிற்று, என் படத்தில் கையெழுத்துப் போடும் உரிமையையும் அதற்கே கொடுக்க முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், ஈசிஆர் ரோட்டு ஓரத்தில் உப்புப் பாக்கெட் விற்கிற இடத்துக்குப் பக்கத்தில், இரண்டு சவுக்கு மரத்துக்கு நடுவே கயிறு கட்டிப் படங்களைத் தொங்கவிட ஆரம்பித்தேன். 'மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே வரைந்தது' என்று என் கையாலேயே போர்டு எழுதினேன். எழுத்தெல்லாம் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். உப்பு வாங்க நின்ற காரிலிருந்து ஒருவர் இறங்கி வெகுநேரம் பார்த்தார். பூசையிலிருந்து திரும்பிய உறவுக்காரர் ஒருவர், இதையெல்லாம் ரோட்டில் போட்டுக் குடும்ப மானத்தை வாங்கணுமாப்பா என்று காதில் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குச் சுருக்கென்றது. கயிற்றின் மறுமுனையைக் கட்டிக்கொண்டிருந்த மனைவி பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகக் கேட்டேன்.

"கீழ 'மனநோயாளி'ன்னும் எழுதிடட்டுமா? ஊருக்குத் தெரியட்டுமே."

"ஊருக்குத் தெரியும், கயித்தப் புடி."